மூன்று மாணவர்கள், மூன்று வகை ஏற்பாடு: கல்லூரியில் சமவாய்ப்பு மையம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். இந்த ஆண்டு சமவாய்ப்பு மையத்தின் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. முதலாண்டில் மூன்று மாற்றுத்திறனாளி மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். பி.ஏ. வரலாற்றில் முழுப் பார்வையின்மை உள்ள மாணவி ஒருவர். பி.காமில் செவித்திறன் குறைந்த, காதொலிக் கருவி அணியும் மாணவர் ஒருவர். பி.சி.ஏ.வில் டிஸ்கிராஃபியா என்ற எழுதுவதில் சிரமம் உள்ள மாணவர்; அவருடைய சான்றிதழில் 40 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டிருக்கிறது. நான் என்னென்ன செய்ய வேண்டும்? "பரீட்சை வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார்கள் மூத்தவர்கள்.

பதில்:

பரீட்சை வரட்டும் என்று காத்திருந்தால் இந்த மூவரில் இருவர் முதல் செமஸ்டரிலேயே பின்தங்கிவிடுவார்கள். சொல்வதை எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் எப்படியோ கடைசி வாரத்தில் ஏற்பாடு செய்துவிடலாம். ஆனால் பதினைந்து வாரம் பாடமே கைக்கு வராத மாணவிக்குத் தேர்வறையில் எவ்வளவு நேரம் கொடுத்தும் பயனில்லை. அதனால் தேர்வைக் கடைசியில் வைத்துக்கொண்டு, சேர்க்கை முடிந்த முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சட்டம். மற்றவர்களிடம் பேசும்போது இது உங்கள் கையில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19 அன்று. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் மட்டுமே இருந்தன. புதிய சட்டத்தில் 21 இருக்கின்றன. கற்றல் குறைபாடு, மனநோய், ஆட்டிசம், தலசீமியா, ஹீமோஃபிலியா எல்லாம் அதில் அடங்கும். பிரிவு 16, அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறது: பாகுபாடில்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் வளாகமும் எல்லோரும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும். "அங்கீகாரம்" என்ற சொல் இருப்பதால் சுயநிதிக் கல்லூரிகளும் விலகி நிற்க முடியாது. பிரிவு 17 கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிரிவு 32-இன்படி அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்கள் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும். வயது வரம்பிலும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு.

இந்த 40 சதவீதம் என்ற எண்தான் கல்லூரிகளில் அதிகமாகக் குழப்புகிறது. இட ஒதுக்கீடு, சில உதவித்தொகைகள் போன்றவற்றுக்கு அது எல்லைக்கோடு. நியாயமான ஏற்பாடு பெறுவதற்கு அது எல்லைக்கோடு இல்லை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. எழுதும்போது கை இறுகிப்போகும் ரைட்டர்ஸ் கிராம்ப் என்ற நிலை அவருக்கு. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவரைக் கேட்டார். 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். அந்த அளவுகோலை இங்கே பொருத்தக் கூடாது என்றது நீதிமன்றம். அதைத் தொடர்ந்து 40 சதவீதத்துக்குக் குறைவாக இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டது. உங்கள் பி.சி.ஏ. மாணவருக்குத் தேவையான தாள் அதுதான். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கான வழிகாட்டுதல் 2018 ஆகஸ்ட் 29 தேதியிட்டது. இவற்றுக்குப் பிறகு புதிய வழிகாட்டுதல் வந்திருக்கிறதா என்றும் பார்த்து, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அலுவலகத்தில் யாராவது "விதியில் இல்லையே" என்றால், தேதியோடு எடுத்துக் காட்டுங்கள்.

அடுத்தது உட்கார்ந்து பேசுவது. ஒவ்வொரு மாணவரோடும் தனித்தனியாக ஒரு மணி நேரம். பெற்றோர் கூட இருக்கலாம், ஆனால் கேள்வி மாணவரிடம் போக வேண்டும். என்ன நோய், எப்போது வந்தது, ஆபரேஷன் செய்தீர்களா என்று விசாரிப்பதால் உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பலகையில் எழுதியதை எப்படி எடுத்துக்கொள்வாய்? குறிப்பு எப்படி எழுதுவாய்? பன்னிரண்டாம் வகுப்பில் புத்தகம் எந்த வடிவத்தில் படித்தாய்? கணினி தெரியுமா, எந்த மென்பொருள்? மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியுமா? பேருந்து நிறுத்தத்திலிருந்து வகுப்பறைக்கு எப்படி வருகிறாய்? பள்ளியில் எந்த ஏற்பாடு பயன்பட்டது, எது பெயருக்கு இருந்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் மிகவும் பயன்படும்.

ஒரே சான்றிதழ், ஒரே சதவீதம் உள்ள இருவருக்குத் தேவை வேறாக இருக்கும். பார்வையின்மை உள்ள எல்லோருக்கும் பிரெய்ல் தெரியும் என்று நினைக்காதீர்கள். பிற்காலத்தில் பார்வை இழந்தவர்களில் பலர் கேட்டே படிக்கிறார்கள். செவித்திறன் குறைந்த எல்லோருக்கும் சைகை மொழி தெரியாது. உதட்டசைவு பார்த்துப் புரிந்துகொள்கிறவருக்கு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தால் அவருக்கு அதனால் பயனில்லை.

ஆவணங்களில் யுடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டை முக்கியம். 2021 ஜூன் முதல் சான்றிதழ்கள் யுடிஐடி இணையதளம் வழியாகவே வழங்கப்படுகின்றன. 2024-இல் வந்த விதித் திருத்தத்தின்படி அட்டையின் நிறம், குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்றால் வெள்ளை, 40 முதல் 80-க்குள் என்றால் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் என்றால் நீலம். ஆகவே வெள்ளை அட்டையைக் காட்டுகிறவரும் முறையாகச் சான்று பெற்ற மாற்றுத்திறனாளிதான். அட்டை இன்னும் வராதவர்கள் விண்ணப்ப எண்ணைக் கொடுத்தால் தற்காலிகமாக ஏற்பாட்டைத் தொடங்கிவிடுங்கள்; மருத்துவக் குழுவின் தேதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். கற்றல் குறைபாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. 2018-இல் வந்த மதிப்பீட்டு நெறிமுறை 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு கேட்டது; 18 வயதில் தரப்படுவதே ஆயுளுக்கும் செல்லும் என்றது. பத்தாம் வகுப்புக்கு வாங்கிய சான்றிதழோடு கல்லூரிக்கு வரும் மாணவர் இரண்டாம் செமஸ்டரில் திடீரென்று "காலாவதி" என்று திருப்பி அனுப்பப்படுவது இதனால்தான். பி.சி.ஏ. மாணவரின் சான்றிதழ் தேதியை இந்த வாரமே பாருங்கள்.

பேசி முடித்ததும் ஒரு கடிதம். இந்த வேலையின் முதுகெலும்பு அதுதான். முதல்வர் கையொப்பத்தோடு, அந்த மாணவருக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும், நூலகருக்கும், தேர்வுப் பிரிவுக்கும் போக வேண்டும். மொழிப் பாட ஆசிரியர்களையும் ஆய்வக உதவியாளரையும் விட்டுவிடுவார்கள், கவனம். கடிதத்தில் நோயின் பெயர் வேண்டாம். ஆசிரியர் செய்ய வேண்டியது மட்டும் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"முதலாண்டு பி.சி.ஏ. மாணவர் இன்னாருக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கல்லூரி ஏற்றுக்கொண்டுள்ளது. ஒப்படைப்புகளையும் ஆய்வகப் பதிவேட்டையும் தட்டச்சு செய்து தரலாம். வகுப்புத் தேர்விலும் மாதிரித் தேர்விலும் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. பலகையில் உள்ளதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். கையெழுத்துக்காகவோ எழுத்துப்பிழைக்காகவோ மதிப்பெண் குறைக்க வேண்டாம், எழுத்துத்திறனே சோதிக்கப்படும் இடங்கள் தவிர. இது இளநிலைப் படிப்பு முடியும்வரை செல்லும். ஐயமிருந்தால் சமவாய்ப்பு மையத்தைக் கேட்கவும். மாணவரிடம் வகுப்பில் வைத்து விளக்கம் கேட்க வேண்டாம்."

"படிப்பு முடியும்வரை செல்லும்" என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு செமஸ்டரிலும் புது ஆசிரியர் வருவார், அந்தப் பையன் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். மூன்று ஆண்டுகளில் முப்பது பேரிடம் தன் குறையை விளக்கிக்கொண்டு நிற்பது எவ்வளவு சோர்வு தரும்! பலர் அதற்குப் பயந்தே கேட்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி வரலாற்று மாணவி. அவருக்கு முதல் தேவை, படிக்கக்கூடிய வடிவத்தில் புத்தகம். முழு நூல் ஒன்றைத் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், வரலாற்றுத் துறைத் தலைவரிடம் பாடத்திட்டமும் நூல்பட்டியலும் இப்போதே வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் முதல் அலகை முதலில் முடியுங்கள். ஒரு நூலை முழுதாக முடித்த பிறகு அடுத்ததைத் தொடலாம் என்று போனால், முதல் வகுப்புத் தேர்வு வரும்போது மூன்று தாளுக்கு ஒன்றுமே இருக்காது.

புதிதாகத் தயாரிப்பதற்கு முன், 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் தேடுங்கள். வேறு யாராவது ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கலாம். இல்லையென்றால் வருட வேண்டும், அதாவது ஸ்கேன். 300 டிபிஐ போதும். புத்தகத்தை அழுத்திப் பிடித்து, பக்கம் சாயாமல், ஒரு படத்துக்கு ஒரு பக்கமாக எடுங்கள். வெறும் ஸ்கேன் பிடிஎஃப் என்பது படம்தான். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் அதைத் திறந்ததும் மௌனமாக இருக்கும். அதை ஓசிஆர் வழியாக எழுத்தாக மாற்ற வேண்டும். கூகுள் டிரைவில் ஏற்றி ஆவணமாகத் திறந்தால் தமிழும் மாறும். டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் படிக்கும். ஆனால் துணைக்காலும் ரகரமும் மாறிவிழும், அடிக்குறிப்பு எண்கள் வரிக்குள் புகுந்துவிடும், ஆண்டுகள் சிதையும். வரலாற்றுப் பாடத்தில் 1857 என்பது 1851 ஆகிவிட்டால் கேட்பவருக்குப் பிழை என்றே தெரியாது. ஆகவே பெயர்களையும் ஆண்டுகளையும் பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டே தீர வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் நான்கு பேருக்கு ஆளுக்கொரு தாள் என்று பிரித்துக் கொடுங்கள்.

பதிப்புரிமைச் சிக்கல் வருமோ என்று நூலகர் தயங்கக்கூடும். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்துக்கு நூலை மாற்றுவதற்கு விலக்கு அளிக்கிறது. லாபநோக்கில்லாமல் செய்ய வேண்டும், அவர்களுக்கு மட்டுமே தர வேண்டும். கோப்பைக் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

தமிழில் இன்னொரு பெரிய முட்டுக்கட்டை பழைய எழுத்துருக்கள். துறை ஆசிரியர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்த குறிப்புகளை இன்றும் அப்படியே தருகிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். திரைவாசிப்பானுக்கு அது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குவியல். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடு எனப்படும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுவிட்டது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். மாற்றியபின் நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும், அவற்றை மட்டும் கையால் திருத்துங்கள். இனிமேல் தருவது எதுவானாலும் ஒருங்குறியில், வேர்டு கோப்பாக, தலைப்புகளுக்குத் தலைப்புப் பாணி கொடுத்துத் தர வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். பாணி கொடுத்திருந்தால்தான் அந்த மாணவி ஒரே விசையில் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். வெறுமனே தடித்த எழுத்தாக்கினால் தாவ முடியாது, நாற்பது பக்கத்தையும் வரிசையாகக் கேட்டாக வேண்டும்.

கணினிக்கு என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் படிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸில் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் உண்டு, அதையும் இணைத்துக்கொள்ளலாம். நூலகத்தில் ஒரு கணினியிலாவது இதை நிறுவி, காதொலிப்பானும் வையுங்கள். சில இடங்களில் கணினி இருக்கிறது, நிறுவும் அனுமதி இல்லை என்று ஆறு மாதம் போகிறது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வகுப்பில் ஒலிப்பதிவு செய்ய அனுமதியும் கடிதத்தில் வர வேண்டும். "இங்கே பாருங்கள், இதிலிருந்து இப்படிப் போனார்கள்" என்று வரைபடத்தைக் காட்டிப் பேசும் ஆசிரியர், "தக்காணத்திலிருந்து தெற்கே, காவிரிப் படுகை நோக்கி" என்று சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

பார்வை ஓரளவு உள்ள மாணவர் பின்னால் யாராவது வந்தால், ஏ4 தாளை ஏ3-க்குப் பெருக்கினால் 141 சதவீதம்தான், 12 புள்ளி எழுத்து 17 ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். பலருக்கு அது போதாது, தாளும் மேசையில் அடங்காது. அவர் கேட்கும் அளவில் புதிதாக அச்செடுப்பதே சரி.

பி.காம் மாணவருக்கு வருவோம். காதொலிக் கருவி கண்ணாடி போல இல்லை, போட்டதும் எல்லாம் தெளிந்துவிடாது. ஒன்றிரண்டு மீட்டருக்குள் பேசுவதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். அதைத் தாண்டினால் மின்விசிறி, நாற்காலி இழுக்கும் ஒலி, வராந்தாப் பேச்சு எல்லாவற்றையும் ஆசிரியரின் குரலோடு சேர்த்துப் பெருக்கும். முதல் வரிசையில், நடுவில் நேராக வைக்காமல், ஆசிரியர் நிற்கும் பக்கமாக, ஜன்னல் வெளிச்சம் ஆசிரியர் முகத்தில் விழும்படி இடம் கொடுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் நிழலாகி, உதடு தெரியாது. கணக்குப் பதிவியல் வகுப்புதான் அவருக்கு மிகவும் கடினமாக இருக்கும். ஆசிரியர் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டே பேசுவார், கணக்கு தெரியும், ஏன் அந்தப் பதிவு பற்றில் போகிறது என்ற விளக்கம் மட்டும் காதில் விழாது. எழுதி முடித்துத் திரும்பி விளக்குங்கள் என்று அந்த ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். கடிதத்தில் படித்து மனத்தில் பதிகிற விஷயமில்லை இது. அன்றைய கலைச்சொற்களை முன்கூட்டியே எழுதித் தந்தால் உதட்டசைவில் பிடிப்பது எளிதாகும். மற்ற மாணவர்கள் கேட்கும் கேள்வியை ஆசிரியர் ஒருமுறை திரும்பச் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் பேச்சை எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் போன்ற செயலிகள் தமிழுக்கும் இயங்குகின்றன. மேசைமேல் வைத்துப் பார்க்கட்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கும் வகுப்பில் தடுமாறும், அதனால் அதை நம்பிக் குறிப்பெடுக்கும் ஏற்பாட்டைக் கைவிட்டுவிடாதீர்கள். வகுப்பில் ஒழுங்காகக் குறிப்பெடுக்கும் இருவரிடம் பேசி, அன்றன்றே நகல் தரச் சொல்லுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் விடுப்பு எடுக்கும் நாள் காலி. தேர்வு மாற்றம், விடுமுறை போன்றவற்றை ஒலிபெருக்கியில் மட்டும் சொல்லாமல் எழுத்திலும் அனுப்பச் சொல்லுங்கள். மொழிக்கூடத்தில் கேட்டு எழுதும் பயிற்சிக்கு மதிப்பெண் இருந்தால் அதற்கு மாற்று என்ன என்று ஆங்கிலத் துறையோடு முதல் மாதத்திலேயே எழுத்தில் முடிவு செய்யுங்கள். வாய்மொழித் தேர்வில் கேள்வியைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். சைகை மொழி பேசும் மாணவர் வந்தால் கணக்கே வேறு: ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே மொழிபெயர்ப்பாளர் தாக்குப்பிடிக்க முடியாது, இருவர் இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். சென்னை மாநிலக் கல்லூரி செவித்திறன் குறைந்தோருக்கெனத் தனியாகப் பட்டப்படிப்புகள் நடத்துகிறது. அப்படி அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் வழிமுறைகளைக் கேட்பது நல்லது.

இப்போது தேர்வு. முதலில் உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா, இணைவுக் கல்லூரியா என்று பாருங்கள். தன்னாட்சி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வளாகத்திலேயே இருக்கிறார், நாளையே பேசலாம். இணைவுக் கல்லூரி என்றால் விண்ணப்பம் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆணை வர வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும் காலத்திலேயே அனுப்புங்கள். ஆணை எண் ஹால் டிக்கெட்டில் அச்சாகி வந்தால் நல்லது. இல்லையென்றால் ஆணையின் நகல் மூன்று எடுத்து, தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஒன்று, அறைக் கண்காணிப்பாளரிடம் ஒன்று, மாணவர் கையில் ஒன்று. 2021-இல் அவ்னி பிரகாஷ் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம் இதுதான். டிஸ்கிராஃபியா உள்ள அந்த மாணவிக்கு நீட் தேர்வில் உரிய ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் தேர்வு மையத்தில் தரப்படவில்லை. அவருக்கு நேர்ந்தது அநீதி என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. போன ஒரு மணி நேரத்தைப் பிறகு யாராலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. அதனால் தேர்வறையில் நிற்பவருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதை நீங்களே நேரில் பாருங்கள்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி, இரண்டு மணிக்கு 40 நிமிடம், ஒன்றரை மணிக்கு 30 நிமிடம். 50 நிமிட வகுப்புத் தேர்வுக்குப் பதினாறு நிமிடமும் சொச்சமும் வரும். ஐந்தின் மடங்காகத் தர வேண்டும் என்பதால் 20 ஆக்குங்கள். சொல்வதை எழுதுபவர் வேண்டாம், தானே எழுதுகிறேன் என்பவருக்கும் கூடுதல் நேரம் உண்டு. "ஆள் வேண்டுமா, நேரம் வேண்டுமா, ஒன்றைச் சொல்" என்று கேட்பது தவறு. அகமதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் இதே கணக்கை வையுங்கள். அங்கே விட்டுவிட்டால் செமஸ்டர் தேர்வுக்குள் நுழையும்போதே பத்து மதிப்பெண் போயிருக்கும்.

பார்வையின்மை, இரு கையும் பாதித்த உடல் இயக்கக் குறைபாடு, பெருமூளை வாதம் ஆகிய மூன்றுக்கும், மாணவர் விரும்பினாலே சொல்வதை எழுதுபவர் உண்டு, அட்டை போதும். மற்றவர்களுக்கு, எழுதுவதில் உடல்சார்ந்த தடை இருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் தலைமை மருத்துவ அதிகாரி போன்றவர் தரும் சான்று வழிகாட்டுதலோடு உள்ள படிவத்தில் வேண்டும். வெற்றுத் தாளில் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைத் தேர்வுப் பிரிவு திருப்பிவிடும். படிவத்தை நீங்களே அச்செடுத்துக் கொடுத்தனுப்புங்கள். மாணவரின் குடும்பத்துக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

ஆள் யார்? மாணவரே அழைத்துவரலாம், அல்லது நிறுவனம் தரலாம்; இரண்டில் எது என்று முடிவு செய்வது மாணவர். அவரே அழைத்துவந்தால் எழுதுபவரின் படிப்பு மாணவரின் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்பது 2018 வழிகாட்டுதல். பட்டப்படிப்பு மாணவருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் பொருந்துவார். வேறு பாடப்பிரிவாக இருக்க வேண்டும் என்று சில பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன, உங்கள் பல்கலைக்கழகச் சுற்றறிக்கையைப் பாருங்கள். மொழித்தாளுக்கு ஒருவர், மற்றதற்கு ஒருவர் என்று மாற்றிக்கொள்ள அனுமதி உண்டு. நிறுவனம் ஆள் தந்தால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பாகவே சந்திக்க வாய்ப்பு தர வேண்டும். அவசரத்தில் ஆளை மாற்றவும் இடமுண்டு. அதனால் ஆறு தாளுக்கு இரண்டு பேர் என்றால், இன்னும் இருவரைத் தயாராக வையுங்கள். பரீட்சைக் காலத்தில்தான் காய்ச்சலும் வரும், எழுதுபவருக்குச் சொந்தப் பரீட்சையும் வரும். அவர்களுக்கான மதிப்பூதியத்தைக் கல்லூரி தர வேண்டும். மாணவர் வீட்டில் ஆள் பிடித்து, போக்குவரத்துச் செலவும் கொடுத்து அழைத்துவருவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை.

எழுதுபவர்களுக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி கொடுங்கள். முதலில் வினாத்தாள் முழுவதையும் ஒருமுறை மதிப்பெண்ணோடு வாசிக்க வேண்டும். "ஏதேனும் ஐந்து" என்பதை விடக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், அழகாக்கவும் கூடாது, சுருக்கவும் கூடாது. பத்தி எங்கே முடிகிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஊர்ப்பெயரின், ஆள்பெயரின் எழுத்து தெரியாவிட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லலாம். அரை மணிக்கு ஒருமுறை நேரம் சொல்ல வேண்டும். கடைசி இருபது நிமிடம் படித்துக் காட்டுவதற்கு. மாணவிக்கும் பயிற்சி வேண்டும். பேசிப் படித்தவருக்கு வாக்கியம் வாக்கியமாகச் சொல்லி எழுதவைப்பது தனித்திறன். மாதிரித் தேர்வை அதே எழுதுபவரோடு ஒருமுறை நடத்திப் பாருங்கள்.

அறை தரைத்தளத்தில், தனியாக இருக்கட்டும். இருவர் சொல்லி இருவர் எழுதும் அறையில் யாருக்கும் சிந்தனை ஓடாது. கூடுதல் நேரம் தேர்வு அட்டவணையோடு எப்படி மோதுகிறது என்று முன்பே கணக்குப் போடுங்கள். காலைத் தேர்வு 10 முதல் 1 என்றால் இவருக்கு 2 மணிக்கு முடியும். பிற்பகலில் 2 மணிக்கு அரியர் தாள் இருந்தால் சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. அந்த நாளைக் கண்டுபிடித்துப் பிற்பகல் தொடக்கத்தைத் தள்ளிவைக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். பிற்பகல் தேர்வு 5 மணிக்குப் பதில் 6-க்கு முடியும்போது கல்லூரிப் பேருந்து போயிருக்கும். விடைத்தாள் கட்டை ஒரு மணிக்கே முத்திரையிடப் பார்ப்பார்கள். இந்த ஒரு தாளுக்காகக் கட்டு காத்திருக்க வேண்டும், அல்லது தனி உறை வேண்டும் என்று தலைமைக் கண்காணிப்பாளரிடம் முதல் நாளே பேசுங்கள். இல்லையென்றால் மாணவரை அவசரப்படுத்தி எழுந்திருக்கச் சொல்வது நடக்கும்.

பி.சி.ஏ. மாணவருக்கு ஆள் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அவர் விசைப்பலகையில் வேகமாக இருந்தால் கணினியில் எழுத அனுமதி கேளுங்கள். வழிகாட்டுதலில் அதற்கு இடமிருக்கிறது. முதல் நாளே கணினியைச் சோதித்துப் பார்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு. இணையத்தைத் துண்டித்து, வெற்றுப் பயனர் கணக்கு திறந்து, தமிழ்த்தாளுக்கு அவர் பழகிய விசைப்பலகை அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்99 பழகியவருக்கு ஒலிபெயர்ப்பு முறை கொடுத்தால் கை ஓடாது. தானாகச் சேமிப்பதை ஐந்து நிமிடத்துக்கு வையுங்கள், யுபிஎஸ் இணையுங்கள். முடிந்ததும் அங்கேயே அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பதிவெண், மாணவர் கையொப்பம், கண்காணிப்பாளர் கையொப்பம் வாங்கி விடைத்தாளோடு இணைக்க வேண்டும். அச்சுப்பொறியில் மை இருக்கிறதா என்று காலையிலேயே பாருங்கள்.

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக: சாய்தளம் 1:12 என்றால், 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம் வேண்டும். இடமில்லை என்று பாதி நீளத்தில் கட்டியது சக்கர நாற்காலிக்குச் சறுக்குமரம். கதவு திறந்தபின் 90 செ.மீ. இடைவெளி வேண்டும். இப்போதைய மூவரில் யாருக்கும் சக்கர நாற்காலி இல்லையென்றாலும், யுஜிசி 2022-இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதலைக் காட்டி அடுத்த நிதியாண்டுக்கு மதிப்பீடு கேட்டு வையுங்கள். வரலாற்று மாணவிக்காக இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: நடைபாதையில் இருசக்கர வண்டி நிறுத்துவதை நிறுத்துங்கள்.

எவ்வளவு பேசியும் துறையோ தேர்வுப் பிரிவோ மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அங்கேயே தளர்ந்துவிடும். எழுத்தில் வந்தாலும், பல்கலைக்கழகத்துக்கும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும், சட்டத்தின்படி மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் முறையிட அது ஆதாரமாகும். முறையீட்டில் மாணவர் பெயரோடு கல்லூரியின் சமவாய்ப்பு மையமும் கையொப்பமிட வேண்டும், பதினெட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக நிறுத்தாதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது நான்கு. மூவரோடும் பேச நேரம் குறியுங்கள். பி.சி.ஏ. மாணவரின் சான்றிதழ் தேதியைப் பாருங்கள். வரலாற்றுத் துறையிடம் முதல் அலகுகளின் நூல்பட்டியலை வாங்குங்கள். பிறகு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு கடிதம்: வரலாற்றுத் தாள்களில் வரைபடம் குறிக்கும் கேள்விக்குப் பதிலாகப் பார்வையற்ற மாணவிக்கு அதே மதிப்பெண்ணில் மாற்றுக் கேள்வி அச்சிட வேண்டும் என்று. வினாத்தாள் தயாரிப்பவருக்கு அந்தத் தகவல் போக வேண்டிய காலம் உங்கள் கல்லூரி நாட்காட்டியில் எப்போது என்று பாருங்கள். அது பெரும்பாலும் எல்லோரும் நினைப்பதைவிட இரண்டு மாதம் முன்னால் இருக்கும்.